வரைபடத்தைச் சுருட்டி வைக்க வேண்டாம்

சென்ற மாதம் நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நடந்த சிறு தகராறு அன்பர்கள் பலருடைய காதுக்கும் எட்டியிருக்கும். எட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகள் "மூன்று சமயங்களின் புனித பூமி" என்று ஒரு பெரிய வரைபடம் வரைந்து ஆண்டு விழாக் கண்காட்சியில் வைப்பதாக ஏற்பாடு. யோர்தான் ஆற்றுக்கு நீல வண்ணம் தீட்டியாயிற்று. சாக்கடலுக்குச் சாம்பல் நிறம். நாட்டின் பெயரை எழுத வேண்டிய இடத்தில்தான் வினை வந்தது.

"இஸ்ரேல் என்று எழுதாவிட்டால் என் மகள் பைபிளில் படித்ததெல்லாம் என்ன ஆவது?" என்றார் ஒரு தகப்பனார். "பாலஸ்தீனம் என்று எழுதாத படத்தில் என் மகன் கை வைக்க மாட்டான்" என்றார் இன்னொருவர். இருவரும் பத்து ஆண்டுகளாக நம் பொங்கல் விழாவில் ஒரே அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர்கள். செயற்குழு கூடியது. படத்தைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தாஜ்மகால் வரையும்படி முடிவு செய்தது. தாஜ்மகாலோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை. ஆனால் இந்த முடிவு தவறு என்று குழுவில் சொன்னேன். எடுபடவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் மூணாறு மலைக்காரன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். வரைபடத்தில் பெயர் மாறுவது என்றால் என்ன என்பது எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான சங்கதி. என் அப்பா பிறந்தது திருவிதாங்கூரில். அண்ணன் பிறந்தது திருவிதாங்கூர்-கொச்சியில். நான் பிறந்தது கேரளத்தில். மூவரும் பிறந்தது ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீடுகளில்! என் பிறப்புச் சான்றில் கோட்டயம் மாவட்டம் என்றிருக்கும். 1972இல் இடுக்கி மாவட்டம் உண்டாயிற்று. அடுத்த ஆண்டு அதே லயத்தில் பிறந்த அண்ணன் மகனுக்கு இடுக்கி.

இன்னும் பின்னோக்கிப் போனால், அந்த மலை பூஞ்ஞாறு அரசரிடம் இருந்தது. அவரிடமிருந்து 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் எழுதி வாங்கினார். பிறகு தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. ஃபசல் அலி ஆணையம் 1955இல் அதை ஏற்கவில்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரியும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தன, நாங்கள் அந்தப் பக்கம் நின்றோம். அப்பா அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரல் சற்று உயரும். ஆனால் வீட்டில் மாட்டியிருந்த பழைய திருவிதாங்கூர்ப் படத்தை அவர் கடைசிவரை கழற்றவும் இல்லை, அதன்மேல் வேறு பெயர் எழுதவும் இல்லை. "அது அப்ப உள்ளது" என்பார். அவ்வளவுதான்.

என் மனைவியின் ஊர் பாலக்காட்டு எல்லையில் சித்தூர்ப் பக்கம். அங்கே கதை இன்னும் வேடிக்கை. சித்தூர் கொச்சி மன்னருடையது. சில மைல் தள்ளி இருக்கும் பாலக்காடோ சென்னை மாகாணத்து மலபார் மாவட்டம். மாநிலக் கோடு 1956இல் போட்டாயிற்று, ஆனால் அங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குக் கோயமுத்தூர் ஆயர்தான் அதற்குப் பிறகும் ஆயர். சுல்தான்பேட்டை மறைமாவட்டம் தனியாக உண்டானது 2013இல்தான். அரசாங்கத்தின் வரைபடம் ஒன்று, திருச்சபையின் வரைபடம் வேறொன்று. அந்த ஊர் ராவுத்தர்கள் வீட்டிலே தமிழ், கடையிலே மலையாளம், பள்ளிவாசலில் அரபு. அவர்களுடைய வரைபடம் எது என்று எந்த ஆணையம் சொல்லும்?

ராவுத்தர் என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். போடியிலிருந்து துணி மூட்டையோடு எங்கள் லயத்துக்கு வருவார். பொழுது சாயும்போது முற்றத்தில் துண்டை விரித்து மேற்குப் பார்த்து நிற்பார். எங்கள் லயத்தில் பாதி வீட்டில் முருகன் படம், மீதி வீட்டில் மாதா படம். பிள்ளைகள் நாங்கள் சத்தம் போடாமல் சுற்றி உட்கார்ந்திருப்போம். ஒரு நாள் எதைப் பார்த்துத் தொழுகிறீர்கள் என்று கேட்டேன். "மக்காவப் பாத்துடா தம்பி. ஆதியிலே பைத்துல் முகத்தஸப் பாத்துத்தான் தொழுதாக" என்றார். பைத்துல் முகத்தஸ் என்பதும், பக்கத்து வீட்டு அக்கா ஜெபத்தில் சொல்லும் எருசலேம் என்பதும் ஒரே ஊர் என்று எனக்குத் தெரிய வந்தது பல ஆண்டுகள் கழித்து. தொழும் திசை மக்காவுக்கு மாறியது கி.பி. 624இல் என்பதையும் பின்னால்தான் படித்தேன். நான் கற்ற முதல் பூகோளப் பாடம் அந்த முற்றத்தில்தான் நடந்தது.

புனித பூமியின் பெயர்கள் எங்கள் மலைக்கு வந்து சேர்ந்த விதமும் சொல்லத் தக்கது. மூணாற்றில் கார்மேல் மாதா கோயில் 1898இல் கார்மேல் சபைத் துறவிகளால் தொடங்கப்பட்டது. கார்மேல் என்பது ஹைஃபா நகரத்து மலை. எலியா தீர்க்கதரிசியின் மலை. யூதருக்கும் அவர் எலியா, கிறிஸ்தவருக்கும் அவர் எலியா, முஸ்லிம்களுக்கு இல்யாஸ் நபி. அங்குள்ள அவர் குகைக்கு இன்றும் மூன்று சமயத்தாரும் போகிறார்கள். அந்த மலையில் தவம் செய்த துறவிகள் 1291இல் அதை விட்டு நீங்க நேர்ந்தது. அவர்கள் வழிவந்த சபையார்தாம் அறுநூறு ஆண்டு கழித்து அந்தப் பெயரை எங்கள் மலைக்குக் கொண்டு வந்தார்கள். கொழுந்து பறித்த கையோடு அங்கே மெழுகுவத்தி ஏற்றிய எங்கள் பெண்களில் எத்தனை பேருக்கு அது ஒரு மலையின் பெயர் என்று தெரியும்?

பீர்மேடு என்ற பெயரோ பீர் முகம்மது என்ற சூஃபிப் பெரியவரால் வந்தது என்பார்கள். வாகமண்ணில் தங்கள் பாறை, முருகன் மலை, குருசுமலை மூன்றும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. குருசுமலையில் 1958இல் ஓர் ஆசிரமம் ஏற்பட்டது. அங்கே சுரியானி மரபில் வழிபாடு நடக்கிறது. இயேசு பேசிய அரமேயத்தின் கிளைமொழிதான் சுரியானி.

யூதருக்கு எங்கள் மலையில் ஆலயம் இல்லை. ஆனால் எங்கள் பெரியாறு இறங்கிப் போய்ச் சேரும் பறவூர், சேந்தமங்கலம் பக்கம் அவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்தார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய ஆலயம் இன்றும் நிற்கிறது. 1948க்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போனார்கள். நெகேவ் பாலைவனத்து நெவாட்டிம் கிராமத்தில் குடியேறிய பலர் கொச்சிக்காரர்கள். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் யூத ஆலயத்தின் மர வேலைப்பாடுகள் இப்போது எருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஹைஃபாவின் மலை மூணாற்றில், மட்டாஞ்சேரியின் மரம் எருசலேமில்!

இதைச் சொல்வதால் இரண்டு எல்லைச் சண்டையும் ஒன்றே என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1956இல் எங்களை யாரும் வீட்டை விட்டுத் துரத்தவில்லை. 1948இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். அரபு நாடுகளிலிருந்து யூதர்கள் லட்சக்கணக்கில் வெளியேறினார்கள். 2023 அக்டோபரில் நடந்த கொலைகளையும் அதன் பிறகு காஸாவில் நடந்தவற்றையும் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நாம் படத்தைச் சுருட்டி வைத்தால் அவர்கள் கேள்வியையும் சுருட்டி வைத்துவிடுவார்களா? வேறு இடத்தில் போய்க் கேட்பார்கள். அங்கே கிடைக்கும் பதில் நம்முடையதைவிட நிதானமாக இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

என் யோசனை இதுதான். நாட்டின் பெயரை எழுதும்போது பக்கத்தில் ஆண்டையும் எழுதுவோம். ஆண்டு இல்லாத படம்தான் சண்டை மூட்டுகிறது. மெழுகுத்தாளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படம் போடலாம். முதல் தாளில் கானான். அடுத்ததில் இஸ்ரேல், யூதா என்ற இரண்டு அரசுகள். கி.மு. 586இல் பாபிலோனியர் ஆலயத்தை இடித்த பின் ஒரு தாள். கி.பி. 70இல் ரோமர் இரண்டாம் ஆலயத்தை இடித்ததும், 135க்குப் பிறகு அந்த மாகாணத்துக்கே சிரியா பாலஸ்தீனா என்று பெயரிட்டதும் ஒரு தாள். 638 வாக்கில் அரபியர், 1099இல் சிலுவைப் போராளிகள், 1187இல் சலாகுத்தீன், 1517இல் துருக்கியர், 1917இல் ஆங்கிலேயர். பிறகு 1947இல் ஐ.நா. போட்ட பிரிவினைக் கோடு, 1949இல் போர் நின்ற கோடு, 1967. இரண்டு தகப்பனார்களும் கேட்ட பெயர்கள் இரண்டுமே தாள்களில் இருக்கும், அதனதன் ஆண்டோடு.

இதே முறையில் தேவிகுளத்துக்கும் சித்தூருக்கும் நானே தாள்கள் போட்டுவிட்டேன். பூஞ்ஞாறிலிருந்து இடுக்கி வரை எங்கள் மலைக்கு ஐந்து தாள், மாமனார் ஊருக்கு மூன்று. பிள்ளைகளுக்கு முதலில் அதைக் காட்டிவிட்டு, பிறகு யோர்தான் கரைக்குப் போகலாம். அந்த இரண்டு தகப்பனார்களையும் வகுப்புக்கு வந்து ஆளுக்கொரு தாளைப் பிடித்துக்கொள்ளும்படி கேட்டிருக்கிறேன். ஒருவர் வருவதாகச் சொல்லிவிட்டார். மற்றவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். செயற்குழு அன்பர்கள் அலமாரிச் சாவியை மட்டும் அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குள் கொண்டுவந்து தந்தால் போதும்.