ஷொக் அப்சோபரை யாரிடம் கொடுப்பது?

நாட்டில் பதிவு செய்யப்பட்டுள்ள வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களாகும். அவற்றுள் எத்தனையோ காலையில் பாணும் பணிஸும், நண்பகலில் முட்டையும் மீனும், மாலையில் காஸ் சிலிண்டரும் சுமந்து எமது கடைகளுக்காக ஓடிக்கொண்டிருக்கின்றன. லொறி வாங்க வசதியில்லாத சிறு வியாபாரிக்கு மோட்டார் சைக்கிள்தான் லொறி. ஆயினும் லொறிக்காரர் தனது வில்லுத்தகட்டைக் கவனிக்கும் அளவுக்கு நாம் எமது வண்டியின் ஷொக் அப்சோபரைக் கவனிப்பதில்லை.

2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டில்தான் மீண்டும் பரவலாகத் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளை வைத்தே வியாபாரம் செய்யப் பழகிவிட்டோம். என்ஜின் நன்றாக இருக்கிறதா, பெற்றோல் எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்கிறோம். வருடாந்த வாகன வரிப்பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனைக்கும் கொண்டு போகிறோம். அங்கே புகையைத்தான் அளப்பார்கள். ஷொக் அப்சோபரில் ஒயில் இருக்கிறதா என்று எவரும் பார்க்கப்போவதில்லை. ஆகவே அதனைப் பார்க்கத் தகுந்த ஆளைத் தேடுவது முதலாளியின் பொறுப்பாகிறது. அந்த ஆளை எப்படித் தெரிவு செய்வது என்பது பற்றியே இந்த வாரம் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். முட்டை விநியோகிக்கும் ஒரு வண்டியில் நாளொன்றுக்குப் பத்து முட்டை உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 26 நாள் ஓடினால் 260 முட்டை. முப்பது முட்டைத் தட்டுக் கணக்கில் ஏறத்தாழ ஒன்பது தட்டுகள். இதனை “வழியில் போன நட்டம்” என்று எழுதிவிட்டு விடுகிறோம். டயர் ஒரு பக்கம் திட்டுத்திட்டாகத் தேய்வதும், பெட்டி பூட்டியிருக்கும் கம்பிச்சட்டம் அடிக்கடி வெடிப்பதும், வண்டி ஓட்டும் பையன் இடுப்பு வலி என்று லீவு கேட்பதும் தனித்தனிச் செலவுகளாகவே எமது கொப்பியில் ஏறுகின்றன. இவை எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம் என்று நாம் யோசிப்பதில்லை.

செலவைவிடப் பெரிய விடயம் உயிர். ஸ்பிரிங்கின் வேலை பாரத்தைத் தாங்குவது. உள்ளேயிருக்கும் ஒயில் சிறு துவாரங்கள் வழியாக நெருக்கிக்கொண்டு போகும்போது அந்த ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. ஒயில் கெட்டுவிட்டால், அல்லது கசிந்து குறைந்துவிட்டால், ஸ்பிரிங் மட்டும் துள்ளும். அப்போது சக்கரம் வீதியை விட்டுவிட்டுப் பிடிக்கும். வீதியைத் தொடாத சக்கரத்துக்குப் பிரேக் பிடித்துப் பயனில்லை. முன் போர்க்கிலிருந்து வழியும் ஒயில் டிஸ்க் பிரேக்கில் பட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மழை நாளில் பெட்டி நிறையச் சாமானுடன் வரும் ஒருவருக்கு இதன் விளைவு என்னவாகும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

சரி, யாரிடம் கொடுப்பது? என் கருத்து இதுதான்: வண்டியைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்பவரிடம், கழற்றுவதற்கு முன் அளந்து பார்ப்பவரிடம் கொடுங்கள். பெயர், பெரிய பலகை, குறைந்த கூலி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எனது விநியோக வேலைக்கு மூன்று மோட்டார் சைக்கிள்கள் ஓடுகின்றன. அவற்றை இப்போது பார்க்கும் பாஸிடம் முதன்முறை போனபோது அவர் ஸ்பெனரைக் கையில் எடுக்கவேயில்லை. “நானா, இதை ஓட்டுறவர் எத்தனை கிலோ? பெட்டியில எவ்வளவு பாரம் போகும்? திரும்பி வரக்குள்ள பெட்டி வெறுமையா? எந்த ரோட்டால போறீங்க?” என்று கேட்டார். பின்னர் டயரில் காற்று எவ்வளவு என்று பார்த்தார். ஹேண்டில் பெயாரிங்கையும் பின் சக்கரக் கையின் புஷ்ஷையும் ஆட்டிப் பார்த்தார். அவை தளர்ந்திருந்தால் ஷொக் அப்சோபரில் என்ன செய்தாலும் வண்டி ஆடத்தான் செய்யும் என்பது அவரது விளக்கம். ஒரு வண்டிக்கு ஷொக்கில் வேலையே இல்லை, காற்றும் பெயாரிங்கும்தான் குறை என்று சொல்லி அனுப்பிவிட்டார். கிடைக்கக்கூடிய கூலியை விட்டுக்கொடுத்து உண்மையைச் சொன்ன அந்த இடத்தில்தான் அவர் மீது எனக்கு நம்பிக்கை வந்தது.

அளப்பது எப்படி என்பதை வியாபாரிகளும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சக்கரம் தொங்கும்படி வண்டியை உயர்த்தி, சக்கர அச்சிலிருந்து மேலே ஓரிடம் வரை டேப்பால் ஓர் அளவு. பின்னர் ஓட்டுபவரையும் வழமையான பாரத்தையும் ஏற்றி அதே இடத்தில் இன்னோர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஷொக் அசையக்கூடிய மொத்தத் தூரத்தில் காற்பங்கிலிருந்து மூன்றிலொரு பங்கு வரை இருந்தால் பொதுவாகச் சரி என்று கொள்வார்கள். உதாரணமாக 120 மில்லிமீற்றர் அசையும் போர்க் என்றால் 30 முதல் 40 மில்லிமீற்றர். டேப்பே இல்லாமல் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு “சரி நானா” என்பவர் ஊகத்தில்தான் வேலை செய்கிறார்.

இரண்டாவதாக, பின் ஷொக்கில் இருக்கும் படிகளைத் திருப்பினால் என்ன நடக்கும் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். “ஸ்பிரிங் இறுகிவிடும்” என்று மட்டும் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். அந்தப் படி ஸ்பிரிங்கின் பலத்தை மாற்றுவதில்லை. பாரத்தில் அமுங்கிப்போன வண்டியின் உயரத்தை மீட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான். பாரம் ஸ்பிரிங்குக்கு மிஞ்சியது என்றால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது துள்ளலை அடக்கும் பகுதியும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். லேத் பட்டறையில் குழாய்த்துண்டு வெட்டி வைத்தும், வேறு வாகனத்தின் தடித்த ஸ்பிரிங்கைப் பூட்டியும் “இனி அமுங்காது” என்று அனுப்பும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அமுங்காதுதான். ஆனால் ஒவ்வொரு குழியிலும் துள்ளும், உள்ளே இருக்கும் முட்டைக்கும் மேலே இருக்கும் மனிதருக்கும் அடி விழும்.

மூன்றாவதாக, முன் போர்க் வேலையைக் கவனியுங்கள். சீல் மாற்றுவதற்கு முன்னர் குழாயில் துருப்புள்ளிகள் இருக்கின்றனவா, குழாய் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துருப்பிடித்த குழாயில் புதுச் சீலைப் போட்டால் அந்தத் துரு அதனை அறுத்துவிடும். சில வாரங்களில் மீண்டும் ஒயில் வழியும். பஞ்சிகாவத்தையில் எவ்வளவு நல்ல சீல் தேடி வாங்கிக் கொடுத்தாலும் இதுதான் கதி. ஒயிலையும் குத்துமதிப்பாக ஊற்றக்கூடாது. வண்டியின் சேர்விஸ் புத்தகம் சொல்லும் அளவில், இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். போத்தலில் “10டபிள்யூ” என்று எழுதியிருந்தாலும் கம்பனிக்குக் கம்பனி அதன் தடிப்பு வேறுபடும் என்பதை அறிந்தவர், எந்தப் போத்தலை ஊற்றினேன் என்று எழுதித் தருவார். கழற்றிய சீலையும் பழைய ஒயிலையும் காட்டச் சொல்லுங்கள். நேர்மையானவர் நீங்கள் கேட்கும் முன்பே காட்டுவார்.

நான்காவதாக, எமது வண்டிகளில் வரும் பின் ஷொக் பெரும்பாலும் கழற்றித் திருத்துவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அது போய்விட்டால் சோடியாக மாற்றுவதே முறை. விலையுயர்ந்த வண்டிகளில் வரும் வாயு அடைத்த ஷொக்கில் அழுத்தம் அதிகம். அதனை உரிய கருவியில்லாமல் திறப்பது ஆபத்து. “எதையும் திறப்பேன்” என்பவரைவிட “இது என்னால் முடியாது, இன்னாரிடம் போங்கள்” என்பவர் மேலானவர்.

பந்தய வண்டிகளைத் தயார் செய்கிறவர் என்ற பெயரைக் கேட்டு மயங்கவும் வேண்டாம். தியத்தலாவையில் மண்மேட்டைத் தாண்டும் வண்டியின் தேவை வேறு, பெட்டி பூட்டிய எமது வண்டியின் தேவை வேறு. அவர் கெட்டிக்காரராக இருக்கலாம். எமது வேலையைப் போன்ற வேலை செய்திருக்கிறாரா என்று கேட்க வேண்டும். அவரிடம் கொடுத்து ஓராண்டு ஓட்டிய ஒரு பாண்காரரிடமோ மீன்காரரிடமோ விசாரிப்பது எந்த விளம்பரத்தையும் விட மேல்.

இப்படியான ஒருவர் கூலி கூடக் கேட்பார், வண்டி ஒரு நாள் நிற்கும், வியாபாரம் என்னாவது என்று சிலர் கேட்பது எனக்குத் தெரியும். நியாயமான கேள்விதான். போயா தினத்துக்கு முதல் நாள் மாலை கொண்டுபோய்க் கொடுக்கப் பேசிக்கொள்ளலாம். நான்கைந்து வியாபாரிகள் சேர்ந்து ஒரே ஆளிடம் தொடர்ந்து கொடுத்தால் கூலியும் இறங்கும், முறையும் கிடைக்கும். மறுபுறம், வேலை செய்து கொடுத்தவரிடம் கடன் சொல்லி இழுத்தடிப்பதை நாமும் நிறுத்த வேண்டும். அளந்து வேலை செய்பவருக்கு நேரம் போகிறது. அந்த நேரத்துக்கும் விலை உண்டு.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். கராஜுக்குப் போகும்போது வண்டியை ஓட்டும் பையனையும் கூட்டிச் செல்லுங்கள். வண்டி எந்த வளைவில் ஆடுகிறது, எந்தக் குழியில் அடிக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும். அளவும் அவனது உடம்புக்கும் அவன் ஏற்றும் பாரத்துக்கும்தான் எடுக்கப்படுகிறது. சில இடங்களில் தினக்கூலிக்கு ஓடும் பையனே தன் கைக்காசில் ஷொக்கைத் திருத்திக்கொள்கிறான். சாமானும் முதலாளியுடையது, இலாபமும் முதலாளியுடையது, அடி மட்டும் அவனுடைய முதுகுக்கு என்றால் அது நியாயமான வியாபாரம் ஆகாது.

நல்ல பாஸ் ஒருவர் கடைசியில் சொல்லக்கூடிய கசப்பான வார்த்தை ஒன்றும் உண்டு: “இந்த வண்டிக்கு இவ்வளவு பாரம் ஏத்தாதீங்க.” அதைச் சொல்லும் ஆளை விட்டு வேறு கராஜ் தேடி ஓடாதீர்கள். கம்பனி குறித்த எல்லையைத் தாண்டிய பாரத்தை எந்த ஸ்பிரிங்கும் பாதுகாப்பாக்காது. ஒரு நடையை இரண்டு நடையாக்குங்கள். பெற்றோல் செலவு கொஞ்சம் கூடும். பையன் முழுசாக வீடு போய்ச் சேருவான்.