பொருளாளருக்கு யார் பாடம் சொல்வது?

சென்ற மாதம் நம்ம கருங்கல் பக்கத்தில் ஒரு சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவுக்குப் போயிருந்தேன். நல்ல கூட்டம். தலைவர் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. செயலாளர் பெயரைச் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து பொருளாளர் என்றதும் ஹாலில் சத்தமே இல்லை. ஒருவர் செல்போனை எடுத்துப் பார்த்தார். இன்னொருவர் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார். கடைசியில், அன்றைக்குக் கூட்டத்துக்கு வராத ஒருவரை ஏகமனதாகப் பொருளாளர் ஆக்கிவிட்டு, எல்லோரும் டீயும் பழம்பொரியும் சாப்பிடப் போனார்கள்.

நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது சிரிப்பு வரவில்லை. காரணம், அந்த வராத மனிதரின் இடத்தில் ஒரு காலத்தில் நான் இருந்தேன். ஒரு வித்தியாசம், நான் ஆசைப்பட்டே இருந்தேன்.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். புதுச்சேரி அரசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான கருங்கல்லுக்கு வந்து சேர்ந்தவன். வந்த புதிதில், ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் ஒரு சிறிய சங்கத்தில் என்னைச் சேர்த்தார்கள். பெயர் வேண்டாம். "சாரு கவர்மெண்டுல கணக்கு பாத்தவரு" என்று சொல்லிப் பொருளாளர் ஆக்கினார்கள். பதினொரு வருஷம் இருந்தேன். ஒரு ரூபாய் பிசகவில்லை. ஆடிட்டர் என் கேஷ் புக்கைப் பார்த்து, "அச்சடிச்ச மாதிரி இருக்கு சார்" என்பார். எனக்குப் பெருமை தாங்காது.

2019 மே மாதம் எனக்கு நெஞ்சுவலி வந்தது. ஆபரேஷன், ஓய்வு என்று மூன்று மாதம் படுக்கை. காசோலையில் செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு, எந்தக் கல்லூரிக்கு எந்தத் தேதிக்குள் என்பதெல்லாம் என் தலைக்குள்தான் இருந்தது. ரசீது புத்தகம் என் அலமாரியில். அலமாரிச் சாவி எங்கே என்று என் மனைவிக்கே தெரியாது. ஜூன் மாதம் கட்ட வேண்டிய ஃபீஸ் யாருக்கும் கட்டப்படவில்லை.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு என்னைப் பார்க்க வந்தார். "சாரே, ஒண்ணும் கவலப்படாதீங்க, சுகமாவும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஃபீஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காதில் கிடந்த கம்மலைப் பணயம் வைத்துக் கட்டிவிட்டுத்தான் அவர் என்னைப் பார்க்க வந்திருக்கிறார் என்பது நாலு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

சங்கத்தில் பணம் இருந்தது. நல்ல மனசுக்காரர்களும் இருந்தார்கள். அந்தப் பணத்தை எடுத்துக் கொடுக்கத் தெரிந்த இரண்டாவது ஆள் இல்லை. அந்த ஆளை உண்டாக்க வேண்டியது என் வேலை. பதினொரு வருஷத்தில் நான் அதைச் செய்யவில்லை. ஒருவேளை, நான் இல்லாமல் நடக்காது என்று மற்றவர்கள் சொல்வதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பொதுச் சேவைச் சங்கங்களையும் அறக்கட்டளைகளையும் நடத்துகிறவர்களுக்குப் பயிற்சி வேண்டும். இதைச் சொன்னால் நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். "சேவைக்கு மனசு போதாதா சாரே, அதுக்கும் கிளாஸா?" என்கிறார்கள். ரப்பர் பால் வெட்டுகிறவனுக்குக்கூடப் பயிற்சி இருக்கிறது. தெரியாமல் வெட்டினால் மரம் பட்டுப்போகும் என்று தோட்டக்காரருக்குத் தெரியும். நாலு பேர் பணத்தைக் கையில் வாங்கி நாற்பது பேருக்குக் கொடுக்கிறவனுக்கு மட்டும் ஒன்றும் வேண்டாமா?

இது நம் ஊருக்குப் புதிய விஷயமும் இல்லை. மார்த்தாண்டம் தேன் சாப்பிடாதவர் நம்மில் யார்? அந்தத் தேனுக்குப் பின்னால் ஒரு பயிற்சிக் கதை இருக்கிறது. சேலத்தில் பிறந்த கே. டி. பால், ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச் செயலாளர். பட்டணத்து வாலிபர்களுக்காக இருந்த அந்த இயக்கத்தைக் கிராமத்துக்குத் திருப்பியவர் அவர். அந்த வழியில் 1920களில் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர், அன்று திருவிதாங்கூரில் இருந்த மார்த்தாண்டத்தில் கிராமப் புனரமைப்பு மையம் அமைத்தார். தேனீ, கோழி, முட்டை விற்பனைச் சங்கம், கைத்தொழில் என்று பலதும் நடந்தது.

ஹேட்ச் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. கிராமத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கோடையில் அங்கேயே பயிற்சிப் பள்ளி நடத்தினார். வெளி மாகாணங்களிலிருந்தும் ஆட்கள் வந்து தங்கிப் படித்தார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களில் சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர்களை நம்பித்தான் வேலையைப் பரப்பினார். ஜனங்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே செய்ய வேண்டும், விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தேன்பெட்டியைத் திறந்து சட்டத்தைக் கையில் எடுக்காமல் தேனீ வளர்க்கப் படிக்க முடியாது அல்லவா? ஹேட்ச் பிறகு மெக்சிகோ பக்கம் போய்விட்டார். தேன் தொழில் இங்கேயே நின்றது. தேனீ வளர்ப்போருக்குக் கூட்டுறவுச் சங்கமும் வந்தது.

கடற்கரைக்குப் போனாலும் இதே பாடம்தான். கோட்டாறு சமூக சேவைச் சங்கம் நம் மாவட்டத்து மீனவர்களைச் சங்கங்களாகத் திரட்டியது. கிராமச் சங்கம், அதற்கு மேல் மாவட்டச் சம்மேளனம், அதற்கும் மேல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு என்று மூன்று அடுக்காக அது வளர்ந்தது. மீன் கரைக்கு வந்ததும் சங்கமே ஏலம் போடும். விலையில் இத்தனை சங்கத்துக்கு, இத்தனை சேமிப்புக்கு, இத்தனை கடனுக்கு என்று பிரித்து எழுத வேண்டும். கடன் கொடுத்துவிட்டு மீனை அமுக்கிக்கொண்டிருந்த தரகர்களை வெளியேற்ற இந்தக் கணக்குதான் ஆயுதம். கணக்கு எழுதுகிறவர் ஒரு நாள் தடுமாறினால் மறுநாள் மீனவர் பழைய தரகரிடம் போய்விடுவார். அங்கே கணக்கு தெரிந்த ஆள் இல்லாமல் சங்கம் ஒரு வாரம் ஓடாது.

தமிழ்நாட்டில் பெரிய அளவில் சொல்லித் தரும் இடங்களும் உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. இன்று அவர்களுடைய 'லைக்கோ' என்ற நிறுவனம், மற்ற ஊர்களின், மற்ற நாடுகளின் கண் ஆஸ்பத்திரிகளை நடத்துகிறவர்களுக்கு நிர்வாகம் கற்றுத் தருகிறது. மதுரையிலேயே 2000-இல் டாடா-தான் அகாடமி என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், வளர்ச்சிப் பணிக்கு வரும் பட்டதாரிகளுக்கு இரண்டு ஆண்டுப் படிப்பு நடத்துகிறது. நல்லது. ஆனால் அவை சம்பளத்துக்கு முழுநேரம் வேலை செய்யப்போகிறவர்களுக்கு. பகலில் கடை வைத்துவிட்டு ராத்திரி எட்டு மணிக்குக் கமிட்டிக்கு வருகிற நம்ம ஆளுக்கு யார் சொல்லித் தருவார்கள்?

இங்கே என் பழைய பிரெஞ்சு வாசனை கொஞ்சம் வீசும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் சங்கங்களுக்கான சட்டம் 1901 ஜூலை 1-ஆம் தேதி வந்தது. இன்றும் அங்கே சங்கம் என்றால் '1901 சட்டத்துச் சங்கம்' என்றே சொல்வார்கள். சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவரை அவர்கள் 'பெனெவோல்' என்பார்கள். நல்லதை விரும்புகிறவர் என்று அர்த்தம். பள்ளியில் இந்தச் சொல்லைப் படித்தபோது, விரும்பினால் போதும் என்று நினைத்தேன். பாரிஸ் பக்கம் இருக்கும் என் அண்ணன் மகள் ஒரு நாள் போனில் பேசும்போது வேறு ஒன்று சொன்னாள். அங்கே 2008 முதல் சங்க நிர்வாகத்துக்கென்று அரசாங்கச் சான்றிதழ் ஒன்று இருக்கிறதாம். 16 வயது தாண்டிய யாரும் சேரலாம். குறைந்தது 30 மணி நேரம் வகுப்பு. அதோடு முடிவதில்லை, குறைந்தது 20 நாள் ஒரு சங்கத்துக்குள் போய், அனுபவம் உள்ளவர் பக்கத்தில் இருந்து வேலை பழக வேண்டும்.

அந்த 20 நாள்தான் என் மனதில் தங்கியது. நம் ஊரில் பயிற்சி என்றால் ஒரு ஹோட்டல் ஹால், ஒரு பை, ஒரு ஃபைல், மத்தியானம் பிரியாணி, கடைசியில் குரூப் போட்டோ. 'தலைமைப் பண்புகள்' என்று ஒருவர் இரண்டு மணி நேரம் பேசுவார். வெளியே வருகிறவருக்கு வவுச்சர் எழுதத் தெரியாது. இதைப் பார்த்துத்தான் நம்மவர்கள் பயிற்சியே வீண் என்கிறார்கள். அதில் பாதி நியாயம் இருக்கிறது.

இன்னொரு நியாயமும் சொல்வார்கள், அரசாங்கம் கேட்கிற காகிதம் அதிகம் என்று. உண்மைதான். 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி வருஷா வருஷம் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் மாவட்டப் பதிவாளருக்குப் போக வேண்டும். வருமான வரியில் ஒரு முறை பதிந்தால் ஆயுளுக்கும் என்று இருந்தது, 2021 முதல் அவ்வப்போது புதுப்பிக்கும் முறையாகிவிட்டது. வெளிநாட்டு நன்கொடை வாங்கினால் 2020 திருத்தத்துக்குப் பிறகு புதுடெல்லி ஸ்டேட் பாங்கின் முதன்மைக் கிளையில்தான் அந்தப் பணம் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்த அனுமதி 20 ஆகிவிட்டது. சிறிய சங்கங்களுக்கு இதெல்லாம் பாரம் என்பதை மறுக்க மாட்டேன். சட்டத்தை எளிமையாக்கக் கேட்போம். ஆனால் அதுவரைக்கும், தேதி தவறினால் நஷ்டப்படப்போவது கம்மலைப் பணயம் வைக்கிற அம்மாதான்.

என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்? என் கணக்கில் ஆறு சனிக்கிழமை போதும். முதல் நாள் கேஷ் புக்கும் வவுச்சரும். இரண்டாம் நாள் ரசீது புத்தகத்தின் வரிசை எண், பாங்குப் புத்தகத்தோடு கணக்கை ஒத்துப் பார்ப்பது. மூன்றாம் நாள் மினிட் புத்தகம்: யார் என்ன பேசினார் என்று கதை எழுதாமல், என்ன முடிவு எடுத்தோம், யார் எப்போது செய்ய வேண்டும் என்று எழுதுவது. நாலாம் நாள் பதிவாளர், வருமான வரி, ஆடிட்டர், எந்த மாதம் எது என்ற ஒரு பக்கப் பட்டியல்.

ஐந்தாம் நாள் கஷ்டமான பாடம். கமிட்டி உறுப்பினரின் மச்சானுக்கே சங்கக் கட்டடத்துப் பெயின்ட் வேலையைக் கொடுக்கலாமா? நன்கொடை தருகிறவர் பயனாளியைத் தானே தேர்ந்தெடுப்பேன் என்றால் என்ன சொல்வது? முகம் முறியாமல் 'முடியாது' என்று சொல்லப் பழகுவதும் நிர்வாகம்தான். ஆறாம் நாள், ஒப்படைப்பது. எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம். ஒவ்வொரு பொருளாளருக்கும் ஒரு துணைப் பொருளாளர் இருந்தே ஆக வேண்டும். இரண்டு தவணைக்கு மேல் யாரும் இருக்கக் கூடாது, நானே ஆனாலும்.

இதற்கு வாத்தியார்கள் எங்கே என்று கேட்காதீர்கள். கருங்கல்லிலும் சுற்றிலும் எத்தனை ரிட்டயர்டு ஆசிரியர்கள், பாங்குக்காரர்கள், தாலுகா ஆபீஸ்காரர்கள் இருக்கிறோம்! காலையில் பேப்பர், சாயங்காலம் நடை என்று பொழுது போகிறது. நம் கையில் இருக்கிற வேலை நம்மோடு சுடுகாட்டுக்கோ கல்லறைக்கோ போகத்தான் வேண்டுமா?

நான் தொடங்கிவிட்டேன். சங்கத்தில் இப்போது துணைப் பொருளாளராக ஒரு இளம்பெண் இருக்கிறாள். மூன்று சனிக்கிழமை ஆகிவிட்டது. முதல் நாள், "எனக்கு ஒண்ணும் மனசிலாகல்ல சாரே" என்றாள். போன சனிக்கிழமை என் பழைய கேஷ் புக் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தவள் ஒரு பக்கத்தில் நின்றாள்.

"சாரே, இதுல டீ செலவு 140 ரூவான்னு எழுதியிருக்கு. வவுச்சர் எங்க?"

தேடினோம். இல்லை. பதினொரு வருஷமாக ஆடிட்டர் கண்ணில் படாததை அவள் பிடித்துவிட்டாள். மறுநாள் 140 ரூபாயைச் சங்கத்தில் கட்டி ரசீது வாங்கிக்கொண்டேன். ரசீதில் பொருளாளருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டது அவள்தான்.