இரண்டு வீடுகள், ஒரு தமிழ்ப் புத்தகம்



ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை கேட்கப்படும்போதெல்லாம் தாய்மொழியின் சிறப்பைப் பற்றி எழுதுவதே என் வழக்கம். இவ்வாண்டு, நம்மவர் வாய்விட்டுப் பேசத் தயங்கும் ஒரு விடயத்தை எழுத முனைகின்றேன். கணவனும் மனைவியும் பிரிந்த பின்னர், பிள்ளையை இருவருமாக வளர்ப்பது எங்ஙனம் என்பதே அது. தமிழ்ப் பள்ளிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என வினவுவோர்க்கு, என் வகுப்பறையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பது வயது மாணவி ஒருத்தி ஒன்றுவிட்ட ஒரு சனிக்கிழமை பாடநூல் இன்றியே வருவாள். மூன்று முறை கண்டித்தேன். பின்னர் ஒரு நாள் ‘எங்கள் வீடு’ என்னும் தலைப்பில் வகுப்பினரைக் கட்டுரை எழுதப் பணித்தேன். அவள் எழுதியவை சில வரிகளே. தனக்கு இரண்டு வீடுகள், இரண்டு கட்டில்கள், இரண்டு சோடிச் சப்பாத்துகள் உள்ளன என்றும், தமிழ்ப் புத்தகம் மாத்திரம் ஒன்றுதான் என்றும், அது எப்போதும் மற்ற வீட்டில் இருக்கின்றது என்றும் எழுதியிருந்தாள். ஊரிலும் இங்குமாகப் பல்லாண்டுகள் கற்பித்த நான் அன்று தலைகுனிந்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டு, இரண்டாவது புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். புத்தகத்தை இரண்டாக்கலாம்; பிள்ளையை இரண்டாக்க இயலாதன்றோ?

வன்னியில் நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், 2009 இல் முடிவுற்ற போர் எத்தனையோ பிள்ளைகளிடமிருந்து தாயையோ தந்தையையோ பறித்துச் சென்றது. பதிவேட்டில் தந்தையின் பெயரை வாசிக்கும்போது என் குரல் தழுதழுத்த நாட்கள் உண்டு. இங்கு ரொறன்ரோவிலோ தாயும் தந்தையும் உயிரோடு இருக்கின்றனர்; ஒரே பேருந்துத் தடத்திற்கூட வசிக்கின்றனர். எனினும் பிள்ளை அவர்களுள் ஒருவரை இழந்து நிற்கின்றது. முன்னைய இழப்பைத் தடுக்க நம்மால் முடியவில்லை. இதனைத் தடுக்க முடியும்.

கனடாவின் மணமுறிவுச் சட்டம் இது பற்றி என்ன கூறுகின்றது என்பதை நம்மிற் பலர் அறியார். 2021 மார்ச் 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த திருத்தம், பிள்ளை யாருக்கு உரியது எனப் பொருள் தொனித்த பழைய சொற்களை நீக்கிவிட்டது. பிள்ளையுடன் கழிக்கும் நேரம், பிள்ளைக்காகத் தீர்மானிக்கும் பொறுப்பு என்பனவே இன்று அச்சட்டத்தில் வழங்கும் சொற்கள். நீதிபதி நோக்க வேண்டியது பிள்ளையின் நலன் ஒன்றையே. அந்நலனை ஆராயும்போது, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பப் பிள்ளையின் விருப்பமும், அதன் பண்பாடு, மொழி, சமயம் ஆகிய மரபும் கருத்திற் கொள்ளப்படுகின்றன. பிணக்கிலிருந்து பிள்ளையைத் தம்மால் இயன்றவரை காப்பது பெற்றோரின் கடமை என்றும் சட்டம் விதிக்கின்றது. ஆகவே, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பிரிந்த பெற்றோருள் ஒருவரின் பிடிவாதமாக மற்றவர் கருதலாகாது. அது பிள்ளையின் நலனைச் சேர்ந்தது.

பகிர்ந்து வளர்த்தல் என்றவுடன் நாம் நாட்களை எண்ணத் தொடங்குகின்றோம். ஆண்டில் நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாத நேரம் இருவரிடமும் பிள்ளை தங்குமாயின், பராமரிப்புப் பணத்தைக் கணிக்கும் முறை மாறுகின்றது. இவ்விதி செலவைப் பகிர்வதற்காக ஏற்பட்டது. சில வீடுகளிலோ அதனாலேயே நாட்காட்டி கடன் கணக்கேடாகிவிடுகின்றது. நாட்களைச் சரிபாதியாக்கியும் பிள்ளைக்கு நிம்மதி இல்லாத வீடுகள் உண்டு. வார இறுதியில் மட்டுமே தந்தையைக் கண்டும் அவர் அன்பிற் குறைவறியாத பிள்ளைகளும் உண்டு.

என் கருத்து ஈதே: பகிர வேண்டியது பிள்ளையை அன்று, பிள்ளைக்கான பொறுப்பை. ‘காசு அனுப்பவில்லை என்று உன் அப்பாவிடம் சொல்’ என்று பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள். ‘அங்கே யார் வந்து போனார்கள்?’ என்று அதனை ஒற்றனாக்காதீர்கள். மற்றவரைப் பழித்துப் பேசும்போது, தன்னிற் பாதியைப் பழிப்பதாகவே பிள்ளை உணர்கின்றது. நேரிற் பேச மனம் ஒவ்வாவிடின், பிள்ளையின் பாடம், மருந்து, வகுப்பு ஆகியவற்றைக் குறிக்க ஒரு கொப்பி போதும். அது பிள்ளையின் பையோடு இரு வீடுகளுக்கும் செல்லட்டும்.

இன்னொன்றையும் மறவாது கூற வேண்டும். அடியும் அச்சுறுத்தலும் நிலவிய வீட்டிலிருந்து வெளியேறிய தாயிடம், ‘பிள்ளைக்காகப் பொறுத்துப் போ’ என்று அறிவுரை கூறுவது பெரும் பிழை. பிள்ளையின் உடல், உள்ளப் பாதுகாப்புக்கே சட்டமும் முதலிடம் அளிக்கின்றது. குடும்ப வன்முறையைக் கணக்கில் எடுக்கின்றது. அத்தகைய இடத்தில் முதலில் வேண்டுவது பாதுகாப்பே.

நமது சமூகத்துக்கும் இதிற் பங்குண்டு. பிரிந்தவர்களைப் பற்றிக் கோயில் வீதியிலும் மண்டப வாசலிலும் நாம் பேசும் பேச்சு, முதலிற் பிள்ளையின் காதிலேயே விழுகின்றது. நம் பள்ளிக்கும் ஒரு விண்ணப்பம்: நீதிமன்றத் தடை இல்லாவிடத்து, சேர்வுப் படிவத்தில் இரு முகவரிகளுக்கு இடம் விடுவோம், அறிவித்தல்களை இருவருக்கும் அனுப்புவோம், வேண்டுவோர்க்கு இரண்டாவது பாடநூலைக் காரணம் கேளாது கொடுப்போம்.

மாணவச் செல்வங்களே, உங்களில் எவருக்கேனும் இரண்டு வீடுகள் இருப்பின், அது உங்கள் பிழையன்று. அப்பா வீட்டில் மகிழ்ந்திருந்ததை அம்மாவிடம் மறைக்க வேண்டியதில்லை. உங்களைத் தூது அனுப்பினால், ‘நீங்களே கேளுங்கோ’ என்று பணிவோடு சொல்லலாம். மனம் பாரமாயின், உங்கள் ஆசிரியர் எவரிடமும் வந்து பேசுங்கள்.

பெற்றோர்களே, இன்று திரை விலகும்போது மேடையில் நிற்கும் பிள்ளையின் கண்கள் முதலிற் தேடுவது உங்கள் முகங்களையே. அருகருகே அமர இயலாவிடின் மண்டபத்தின் இரு ஓரங்களில் அமருங்கள். வந்திருந்து, ஒரே பிள்ளைக்காகக் கைதட்டுங்கள்.