கீரிமலைத் தண்ணீரும் நம் பெண்களின் கால்களும்

ஆடி அமாவாசைக்கு ரயிலேறிக் காங்கேசன்துறைக்குப் போய், பக்கத்திலுள்ள கீரிமலைக் கேணியில் முழுகிவிட்டு வருபவர்கள் நம் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். யுத்தத்தால் 1990இல் நின்றுபோன ரயில், 2015 ஜனவரியில் மறுபடியும் காங்கேசன்துறை வரை ஓடத் தொடங்கியதிலிருந்து அந்தப் பயணம் கொஞ்சம் இலேசாகியிருக்கிறது. அப்படிப் போய்வந்த அக்கா ஒருவர் பெக்டரியில் தூள் சலிப்பவர். அவர் நம்மிடம் சொன்னது இது: "தண்ணியில நின்னேன் டீச்சர், கால் வீக்கம் வத்திப்போச்சு. திரும்பி வந்து ரெண்டு நாள் வேலைக்குப் போனேன், பழையபடி வந்திருச்சு."

கீரிமலையில் நீராடித்தான் சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லிக்குக் குதிரை முகம் நீங்கியது என்பது மாவிட்டபுரம் கோயிலின் ஐதீகம். அந்த நம்பிக்கையில் நாம் கைவைக்கவில்லை. அக்கா சொன்னதும் பொய்யல்ல. இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும்போது தண்ணீர் காலைச் சுற்றிலும் அமுக்குகிறது. ஆழம் கூடக்கூட அமுக்கமும் கூடுவதால் கணுக்காலில்தான் அது அதிகம். ஆஸ்பத்திரியில் போடச் சொல்லும் இறுக்கமான காலுறை செய்வதும் இதே வேலைதான்.

காலுக்கு இறங்கிய இரத்தம் மேலேறி இருதயத்துக்குத் திரும்ப வேண்டும். அதைக் கொண்டுபோகும் குழாய்கள்தான் நாளங்கள். ஏறிய இரத்தம் கீழே வழுக்காதபடி அவற்றுக்குள் சிறு கதவுகள் போல வால்வுகள் இருக்கின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் அந்தத் தள்ளல் இல்லை. வருடக்கணக்கில் இப்படி நின்றால், அதிலும் பல பிள்ளைப்பேறு கண்ட உடம்பென்றால், வால்வுகள் பழுதாகும். இரத்தம் கீழே தேங்கும், நீர் கசிந்து சதையில் சேரும். காலையில் வற்றியிருக்கும் கால் மாலையில் வீங்குவது இதனால்தான். நாம் 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்று சொல்வதும் நரம்பை அல்ல, புடைத்த இந்த நாளங்களைத்தான். கவனிக்காமல் விட்டால் கணுக்காலருகே தோல் கறுத்து, அரித்து, ஆறாத புண்ணாகும்.

லயத்தில் இதை 'யானைக்கால்' என்று ஒதுக்கிப் பேசுபவர்களும் உண்டு. அது நுளம்பு பரப்பும் புழுவால் வருவது. இலங்கையில் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று 2016இலேயே உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது.

இரவில் தலையணைகளை அடுக்கி, கால் நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி படுங்கள். நிற்கும் இடத்திலேயே குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். காலுறையை டாக்டரிடம் கேட்காமல் போட வேண்டாம். காலுக்கு வரும் இரத்தம் குறைவாக உள்ளவர்களுக்கு அது கெடுதல். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்துச் சூடாக இருந்தால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இரண்டு காலோடு முகமும் வீங்கினால் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் பார்க்க வேண்டும். கர்ப்பிணிக்குத் தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால் அதுவும் அவசரம்தான்.

ஆனால் எட்டு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் காலைத் தூக்கி வை என்றால் போதுமா? கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடி, 2018இல் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அதைச் சேர்த்தது. நாற்காலி போட்டதால் அங்கே எந்தக் கடையும் மூடிப்போனதாக நாம் கேள்விப்படவில்லை.

நாம் கேட்பதும் பெரிதல்ல. தூள் சலிக்கும் இடத்தில் வாங்கு போட வேண்டும், இடையிடையே ஐந்து நிமிடம் உட்கார விட வேண்டும். கொழுந்து நிறுக்கக் காத்திருக்கும் இடத்திலும் ஒரு வாங்கு வேண்டும். கிளினிக் போகும் நாளில் அரைப்பேர் போடக் கூடாது. அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன், மாலையில் கால் வீங்குபவர்கள் எந்த வேலையில், எத்தனை வருடமாக நிற்கிறார்கள் என்று ஒவ்வொரு தோட்டத் தலைவியும் ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டு வரவும். துரையிடம் பேசப் போகும்போது அந்தக் கொப்பி நம் கையில் இருக்க வேண்டும்.