முழங்கை முறிவும் இறுகிய கட்டும்

கோடை விடுமுறை வந்தால் மாந்தோப்புகளுக்குக் காவல் அதிகமாகிறது. மரமேறி விழும் சிறுவர்களுக்கோ காவல் கிடையாது. கையை ஊன்றி விழும் குழந்தைக்கு முழங்கை மூட்டுக்குச் சற்று மேலே, புயத்தெலும்பின் அடிப்பாகம் முறிகிறது. அவ்விடத்தில் எலும்பு தகடுபோல் மெலிந்திருப்பதே காரணம். குழந்தைகளுக்கு முழங்கையில் நேரும் முறிவுகளில் இதுவே மிகுதி; ஐந்து முதல் ஏழு வயதுள்ளவர்களிடம் அதிகமாய்க் காணப்படுவது. முறிந்தவுடன் கிராமத்தில் பல வீட்டாரும் முதலில் நினைப்பது ஆஸ்பத்திரியையன்று. எலும்பு கட்டும் வைத்தியரையே. இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்வது அவசியமாகிறது.

நாட்டு வைத்தியத்தை இகழ்வது நமது வழக்கமன்று. மூங்கில் சிம்பும், உளுந்து மாவும், முட்டையின் வெள்ளைக் கருவும் கொண்டு கட்டுப் போடுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக ஏழைகளுக்குச் செய்துள்ள உபகாரம் கொஞ்சமல்ல. ஆந்திர தேசத்துப் புத்தூரின் பெயரைத் தாங்கிய பலகைகள் தமிழ்நாட்டுக் கடைவீதிகளில் தொங்குவது ஜனங்களின் நம்பிக்கைக்கு அத்தாட்சி. காறையெலும்பு முறிந்தால் அது பெரும்பாலும் தானே கூடும் இயல்புடையது. அங்கே கட்டு உதவுகிறது. முழங்கையின் அமைப்பு வேறு. அம்மூட்டின் முன்புறத்தில், முறிந்த எலும்பின் கூரிய முனைக்கு வெகு சமீபத்தில், கை முழுவதற்கும் இரத்தத்தைக் கொண்டுபோகும் குழாயும் பிரதானமான நரம்பும் ஓடுகின்றன. முறிவு ஏற்பட்ட சில மணி நேரத்திற்குள் உள்ளே வீக்கம் பெருகும். வெளியே சிம்பு வைத்து இறுக்கிக் கட்டிவிட்டால் அவ்வீக்கம் எங்கே போகும்? இரத்தவோட்டம் தடைப்படுகிறது. சுமார் ஆறு மணி நேரம் இரத்தமின்றிக் கிடந்த தசை மாளத் தொடங்குகிறது. மாண்ட தசை நாளடைவில் கயிறுபோல் சுருங்கி விரல்களை உள்நோக்கி இழுத்துவிடும். பிறகு அக்குழந்தை ஆயுள் முழுவதும் எழுதுகோல் பிடிக்கவும் இயலாத கொக்கிக் கையோடு வாழவேண்டியதுதான்.

இக்கேட்டை 1881-இல் விவரித்தவர் ரிச்சர்டு வோல்க்மன் என்னும் ஜெர்மானிய சர்ஜன். இறுகிய கட்டே காரணம் என்று அவர் எழுதினார். அவர் சுட்டியது நமது கிராமத்து வைத்தியர்களையல்ல, தமது தேசத்தில் போடப்பட்ட கட்டுகளையே என்பதை மேனாட்டு மோகம் கொண்டவர்கள் கவனிப்பார்களாக. இன்றும் டாக்டர் போடும் மாவுக்கட்டு இறுகினால் விளைவு அதுவே.

நிற்க. இதற்குரிய சிகிச்சை என்ன? அமெரிக்காவில் கார்ட்லண்ட் என்பவர் 1959-இல் இம்முறிவை மூன்று தரமாகப் பிரித்தார். எலும்பு விலகாத முதல் தரத்திற்கு மூன்று வாரம் மாவுக்கட்டுப் போதும். முற்றிலும் விலகிய மூன்றாந்தரத்திற்குக் கட்டு மாத்திரம் நில்லாது. மயக்க மருந்து கொடுத்து, கையை இழுத்து எலும்பை இடத்திற் சேர்த்து, ஸீ-ஆர்ம் என்னும் எக்ஸ்ரே கருவியில் பார்த்துக்கொண்டே, தோலின் வழியாக இரண்டு மூன்று மெல்லிய எஃகுக் கம்பிகளைச் செலுத்துகிறார்கள். பெரும்பாலும் கத்திக்கு வேலையே இல்லை. மூன்று நான்கு வாரத்தில் கம்பிகளை உருவிவிடலாம். அதற்கு மறுபடியும் மயக்க மருந்து தேவைப்படுவது அரிது. எலும்பு இடத்திற்கு வந்ததும் அநேகமாய் நாடியும் திரும்பி வரும். கை வெளுத்தே கிடந்தால்தான் திறந்து இரத்தக்குழாயைச் சோதிக்கவேண்டும். "கத்தி வைத்தால் கை போய்விடும்" என்று அஞ்சும் தாய்மார்களுக்கு இவ்விவரத்தை யாரேனும் எடுத்துச் சொன்னதுண்டா? கிர்ஷ்னர் 1909-இல் அறிமுகப்படுத்திய அக்கம்பி விலையுயர்ந்த சாமானுமல்ல.

பெரியவர்களுடைய விஷயம் வேறு. முழங்கையின் முனையெலும்பு முறிந்து விலகினால், பின்புறத் தசை அத்துண்டை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகையால் கம்பியை எட்டுப்போல் சுற்றியோ, தகடு வைத்தோ பிணைக்கிறார்கள். புயத்தெலும்பின் அடி பல துண்டுகளாய்ச் சிதறினால் இருபுறமும் தகடு பொருத்துவது வழக்கம். மூட்டைச் சீக்கிரத்தில் அசைக்கத் தொடங்குவதே இவ்வளவுக்கும் நோக்கம். நெடுநாள் கட்டிலே கிடந்த முழங்கை விறைத்துப்போகும். விறைத்ததை எண்ணெய் தேய்த்துப் பலவந்தமாய் மடக்கினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடுவதும் உண்டு. இந்த உருவுதலை நமது ஜனங்கள் உடனே கைவிடவேண்டும்.

மற்றொரு பக்கமும் இருக்கிறது. வயோதிகர்களுக்கு முனையெலும்பு முறிந்தால், ரணசிகிச்சையின்றியே கை போதுமான அளவு பயன்படுகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. எழுபத்தைந்து வயதுக் கிழவரையும் தகடு பொருத்த மேஜையிலேற்றும் நர்சிங் ஹோம்கள், நோயாளியின் கையைப் பார்க்கின்றனவா, பையைப் பார்க்கின்றனவா என்று நாம் கேட்கிறோம். இருதயக் குழாய்க்கு வைக்கும் ஸ்டென்ட்டுக்கும் முழங்கால் மூட்டுக்கும் 2017-இல் விலைவரம்பு விதித்த மத்திய சர்க்கார், தகடு திருகு விஷயத்திலும் அதே கண்டிப்பைக் காட்டவேண்டும். முழங்காலுக்குக் கிடைத்த நியாயம் முழங்கைக்கு ஏன் கூடாது?

கிராமங்களில் வேலை செய்யும் தொண்டர்கள் ஒன்று செய்யலாம். கட்டுப் போட்ட குழந்தையின் விரல் குளிர்ந்தோ வெளுத்தோ மரத்தோ இருந்தாலும், விரலை நீட்டிப் பார்க்கும்போது வீறிட்டு அழுதாலும், கட்டை அக்ஷணமே தளர்த்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்பதைக் கூட்டந்தோறும் சொல்லட்டும். எலும்பு கட்டுவோரும் முழங்கையைத் தொடாமல் அனுப்பிவிடுவதைத் தொழில் தர்மமாகக் கொள்ளட்டும். அதனால் அவர்களுடைய கௌரவம் குறையாது.

ஆனால் அனுப்பினால் எங்கே அனுப்புவது? 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் பதினொரு அரசாங்க மருத்துவக் கல்லூரிகள் தமிழ்நாட்டில் திறக்கப்பட்டன. இவையெல்லாம் மெச்சத்தக்கவையே. எனினும் மாலையில் விழுந்து நாடியற்ற கையோடு வரும் குழந்தைக்கு, விடியும்வரை காத்திருக்க அவகாசமில்லை. இரவிலும் எலும்பு சர்ஜனும், மயக்க மருந்து டாக்டரும், ஸீ-ஆர்மும் ஒருங்கே உள்ள இடம் ஒவ்வொரு குடும்பத்திற்கும் இரண்டு மணிப் பிரயாணத்திற்குள் இருக்கவேண்டும். சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவசமாக்கும் திட்டத்தை இராஜ்ய சர்க்கார் 2021 டிசம்பரில் தொடங்கியது. மரத்திலிருந்தும் மாடியிலிருந்தும் விழும் குழந்தைகளையும் அத்திட்டத்தில் சேர்க்கவேண்டும் என்று கோருகிறோம். அடுத்த பட்ஜெட்டில் அதற்கு வேண்டிய தொகை ஒதுக்கப்படுமா என்பதைச் சுகாதார மந்திரி சட்டசபையில் தெரிவிப்பாராக.