பூநாரையோடு செல்பி எடுத்தால் போதுமா?

மாரி தொடங்கினால் யாழ்ப்பாணக் கடலேரிக்குப் பூநாரைகள் வரும். கூடவே கமராக்களும் வரும். மண்டைதீவிலும் அராலியிலும் எடுத்த படங்கள் முகநூலை நிறைக்கும். பிறகு பறவையும் போய்விடும், பேச்சும் போய்விடும். இதற்குப் பெயர் பறவை பார்க்கிறதாம்!

வழிகாட்டியோடு போகிற பறவை நடை ஊர்ப்பழக்கமாக வேண்டும் என்கிறோம். சுண்டுக்குளிப் பழைய பூங்காவில் தொடங்கலாம். 1829இல் இங்கு பொறுப்பேற்ற வெள்ளைக்கார அதிபர் டைக் உண்டாக்கிய தோட்டம் அது. அங்கே குயில், செண்பகம், புலுனி. சைக்கிளை மிதித்தால் கொஞ்ச நேரத்தில் பண்ணைக் கடலேரி: நீர்க்காகம், ஆலா, உள்ளான். ஒரே காலையில் பழைய தோட்டமும் ஈரநிலமும்.

"சாப்பாட்டுக்கே வழியில்லை, இதுக்குள்ள குருவி பார்க்கிறதோ?" என்று கேட்பார்கள். பறவை இரை தேடி இறங்குகிற அந்த ஆழமில்லாத தண்ணியில்தான் இறாலும் மீன்குஞ்சும் வளருகின்றன. எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மாரித்தண்ணி குளத்திலும் தரவையிலும் தேங்கிச் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கினால்தான் கிணற்றில் நல்ல தண்ணி. குருவி பார்க்கிறவன் சாப்பாட்டையும்தான் பார்க்கிறான்.

ஆனால் ஈரநிலத்துக்கு ஊரில் வைத்திருக்கிற பெயர் 'சும்மா கிடக்கிற காணி'. சும்மா கிடந்தால் குப்பை கொட்டலாம், நிரப்பலாம், கட்டலாம். 2025 செப்டம்பர் 1இல் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அடிக்கல் நட்டார். கிரிக்கெட் எங்களுக்கும் உயிர்தான். கேள்வி வேறு: அந்தத் தரவையில் எந்த மாதம், என்ன பறவை, எத்தனை இறங்குகிறது என்று எழுதிவைத்த கொப்பியோடு போய்ப் பேச எங்கட பெடியள் எத்தனை பேர் இருந்தார்கள்? கணக்கில்லாத இடத்தில் அடிக்கல்தான் பேசும்.

அரசாங்கம் பலகை நட்டால் மட்டும் சரிவராது. சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமானது, 2015இல் தேசிய பூங்காவானது. கரையில் தொழில் செய்கிற சனத்தைக் கேட்காமல் எல்லை போட்டால் அந்தச் சனம் எப்படிக் காவல் நிற்கும்? ஆகவே நடைக்கு வழிகாட்டியும் அவர்களிலிருந்தே வரட்டும். எந்தக் காற்றுக்கு எந்தப் பறவை எங்கே ஒதுங்கும் என்பது வலை இழுக்கிற ஐயாவுக்குத் தெரியும். அவருக்குக் கூலி கொடுங்கோ. பெயர்களைத் தமிழில் சொல்லுங்கோ. கொழும்பிலிருந்து பெரிய லென்ஸோடு வருகிறவர் பின்னால் நிற்கட்டும்.

யுத்தகாலத்தில் பைனாகுலரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இந்தக் கரையில் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்கட அம்மம்மாவிடம் கேளுங்கோ. இன்றைக்கு நிற்கலாம். அப்படியிருக்க, செல்பி எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறதோ?

ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். அதற்கு முன் உங்கட ஊர்க் குளத்தில் ஒரு நடை போடுங்கோ. ஒரு கொப்பி, ஒரு பேனை, விடிய ஆறு மணி. அடுத்த முறை யாராவது 'சும்மா கிடக்கிற காணி' என்றால் அந்தக் கொப்பியை விரித்துக் காட்டுவோம்.