வீடு யாருக்கோ, அவரைக் கேளுங்கள்

டிசம்பர் 26 காலை 9.25க்கு நாடு இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கும். 2004இல் அந்தக் காலையில் சுமாத்ராவுக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. சுமார் இரண்டு மணி நேரத்தில் இங்கே வந்து சேர்ந்த அலைகளுக்கு ஏறத்தாழ 35,000 உயிர்களைப் பறிகொடுத்தோம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல்.

உலகம் வாரிக் கொடுத்தது. சுனாமி மதிப்பீட்டுக் கூட்டமைப்பின் கணக்கில், பாதிக்கப்பட்ட நாடுகள் அனைத்துக்கும் சேர்ந்த உதவி சுமார் 1,350 கோடி டொலர்; பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,000 டொலருக்கு மேல். அதே ஆண்டு பங்களாதேஷ் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்தது 3 டொலர். ஆகவே, பணம் போதவில்லை என்று நாம் சொல்ல முடியாது.

முடிவுகள் கொழும்பிலேயே எடுக்கப்பட்டதுதான் குறை. தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீட்டருக்குள்ளும், வடக்கு கிழக்கில் 200 மீட்டருக்குள்ளும் வீடு கட்டக் கூடாது என்றார்கள். கல்முனை, மருதமுனைக் கரைகளில் கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய துண்டு நிலத்தில் நெருங்கி வாழும் மக்கள் எங்கே போவார்கள்? விதியை எழுதுமுன் அதை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

2005 ஜூன் 24ஆம் திகதி அரசும் விடுதலைப் புலிகளும் நிவாரணப் பொதுக்கட்டமைப்பில் கையெழுத்திட்டார்கள். மிகப் பெரிய இழப்பைச் சந்தித்த முஸ்லிம் மக்களைக் கையெழுத்திடும் தரப்பாகச் சேர்க்காதது அதன் பெருங்குறை. அதைத் திருத்தியிருக்கலாம். ஆனால் கையெழுத்தாகுமுன்பே அதை எதிர்த்து ஜே.வி.பி. அரசை விட்டு விலகியிருந்தது; ஜூலை 15இல் உயர் நீதிமன்றம் முக்கியப் பிரிவுகளை இடைநிறுத்தியது. கட்டமைப்பு அத்தோடு செயலிழந்தது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி நிதியில் எழுந்த 500 வீடுகளும் யாருக்கு என்ற இழுபறியில் வழக்குக்குப் போய், ஆண்டுக்கணக்கில் காடு மண்டிக் கிடந்தன.

அதே அலையில் சிதைந்த ஆச்சேயைப் பாருங்கள். அங்கும் போர் இருந்தது. இந்தோனேசியா 2005 ஏப்ரலில் மீள்கட்டுமானத்துக்கென்றே ஒரு முகமையை அமைத்து, அதன் தலைமையகத்தை பண்டா ஆச்சேயில் வைத்தது. ஆகஸ்ட் 15இல் ஹெல்சிங்கியில் சமாதானம் கையெழுத்தானது. 2009இல் முகமை மூடப்பட்டபோது சுமார் 140,000 வீடுகள் எழுந்திருந்தன. நாமோ மறுபடியும் போருக்குள் போனோம்.

2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைச் சரித்தபோதும் பல நாடுகள் கை கொடுத்தன. தோட்ட மக்களுக்கு வீடு என்றால் முதலில் காணி வேண்டும். எந்த மண்ணில், யார் பெயரில் என்பதை அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யாவிட்டால் நுரைச்சோலைதான் திரும்ப வரும்.

அரசிடம் நாம் கேட்பது இரண்டு: பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பான்மையாக அமரும் குழு ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் அமையட்டும், வந்த பணமும் செலவான பணமும் மூன்று மொழிகளிலும் அங்கே ஒட்டப்படட்டும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து லொறி லொறியாகப் பொருள் அனுப்பிப் பழகிய வாசகர்களே, கொடுப்பதை நிறுத்தாதீர்கள். கொடுத்ததற்குக் கணக்குக் கேட்பதையும் இனி விடாதீர்கள்.